யார் தோளில் பை

கணவனும் மனைவியும் பெரும்பாலும் வாசற்கதவில்தான் சந்தித்துக்கொண்டார்கள். அவன் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவன். அவள் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பகலில் வேலை செய்பவள். காலையில் அவன் படியேறி வரும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். மாலையில் அவள் திரும்பும்போது அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருப்பான். அவன் எப்போது தூங்கினான் என்பது அவனுக்கே தெளிவாகத் தெரியாது. மகன் தூங்கும்போது தூங்கினான். மகன் தூங்காத நாட்களில் தூங்கியதாகச் சொல்லிக்கொண்டான்.

வாசலில் குழந்தைகள் கைமாறும்போது உடன் கைமாறுவது ஒரு நீலப் பை. மாற்றுடை, ஈரத்துணி, தண்ணீர்ப் பாட்டில், காய்ச்சல் மருந்து, சக்கரம் ஒன்று கழன்ற பொம்மை லாரி ஆகியவை அதில் இருக்கும். பையைத் தோளில் மாட்டியவர் குழந்தைகளுக்குப் பொறுப்பு, மாட்டாதவர் பொறுப்பல்ல. இந்த விதி விளையாட்டாக வந்ததன்று. மகளுக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டபோது இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மருந்து கொடுத்துவிட்டு, தனித்தனியே நிம்மதியும் அடைந்திருந்தார்கள். மருத்துவரின் திட்டு மட்டும் சேர்த்துக் கிடைத்தது. அன்று மாலை அவள் பையை அவன் தோளில் மாட்டி, இனிமேல் இது யாரிடம் இருக்கிறதோ அவரே பார்த்துக்கொள்ள வேண்டும், சொல்ல வேண்டியதை இதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்றாள். அதன்பின் வாசற்பேச்சு தந்தியைப் போலச் சுருங்கியது.

“பால் குடிச்சாச்சு. பல்லு தேய்க்கலை. பெரியவ கோவமா இருக்கா, ஏன்னு கேட்டுடாதீங்க.”

“சரி. போயிட்டு வா.”

விதி வந்தபிறகு ஒரு தவறும் நேரவில்லை. குழந்தைகளும் அதைப் பழகிக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் எதற்கும் காரணம் கேட்பாள். கேட்ட காரணத்தில் ஓட்டையும் கண்டுபிடிப்பாள். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். பசித்தால்கூடப் பை யார் தோளில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். மூன்று வயது மகன் நடக்கத் தெரிந்தும் நடக்க விரும்பாதவன். யாராவது தூக்கும்வரை இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு நிற்பான். அவனுக்கு ஜமீன்தார் என்று பெயர்.

இப்போது தொழிற்சாலையின் பொட்டலம் போடும் பிரிவில், பகல் நேரத்தில், ஓர் இடம் காலியாகியிருந்தது. வருகிறாயா என்று சூப்பர்வைசர் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார். அவள் அந்த இடத்தை விரும்பினாள். மருத்துவமனையின் குழந்தைகள் காப்பகத்தில் மகனைச் சேர்ப்பது பற்றி விசாரித்தும் வைத்திருந்தாள். கணவனிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். அவன் பார்க்கலாம் என்றான். அந்தச் சொல்லின் எடையை அவள் அறிவாள். குளியலறைக் குழாயைப் பற்றியும் அவன் அதையே சொல்லியிருந்தான். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவனுடைய தயக்கத்துக்குக் காரணம் சோம்பல் அன்று. எல்லோரும் விழித்திருக்கும் வீட்டில் என்ன செய்வதென்றே தனக்குத் தெரியவில்லை என்று ஒரு விடுமுறை நாளில் அவன் சொல்லியிருந்தான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அன்று பிற்பகல் முழுவதும் அவன் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு, விருந்துக்கு வந்து அகப்பட்டுக்கொண்டவனைப்போல் நடந்ததை அவள் பார்த்தாள். ஆகவேதான் அந்த ஞாயிற்றுக்கிழமை தேசியப் பூங்காவுக்குப் போவதென்று அவள் முடிவு செய்தாள். நான்கு பேரும் ஒன்றாக, வெளிச்சத்தில், ஒரு நாள் முழுவதும் இருந்துவிட்டால், அது முடியக்கூடிய காரியம்தான் என்று அவனுக்கு விளங்கிவிடும் என்பது அவள் கணக்கு. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்கும் புரிந்திருந்தது. தேர்வு எழுதப் போகிறவனின் முகத்தோடுதான் அவன் காரில் ஏறினான்.

அவன் சனிக்கிழமை இரவு வேலையை முடித்து, மாவு வாசனையோடு, தம்பியிடம் இரவல் வாங்கிய காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். தூங்கவில்லை. தான் ஓட்டுவதாக அவள் சொன்னதற்கு, அவள் ஓட்டினாலும் தனக்குத் தூக்கம் வராது, தான் ஓட்டினாலும் வராது, இரண்டும் ஒன்றுதான் என்றான். வழியில் எங்காவது தூங்கிக்கொள்வதாகவும் சொன்னான். ஓட்டுகிறவர் வழியில் தூங்குவது நல்லதன்று என்று பின்னிருக்கையிலிருந்து வக்கீல் குறிப்பிட்டாள்.

நகரம் முடிந்து வளைவுகள் தொடங்கிய இடத்தில் ஜமீன்தார் வாந்தி எடுத்தான். அவள் இருக்கையைத் துடைத்தாள். அவன் மகனைக் காரின் பின்பக்கம் தூக்கிப்போய்ச் சட்டையை மாற்றினான். இருவரும் வேலையை விரைவாகவும் நன்றாகவும் செய்தார்கள். ஆனால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் செய்தார்கள். தனியாகச் செய்தே பழகியவர்கள்.

பூங்கா வாசலில் நீண்ட வரிசை. நுழைவுச்சீட்டுக் கூண்டுக்கு மேல் ஆளுயரக் கரடி ஒன்றை வரைந்திருந்தார்கள். அதன் கீழே தொங்கிய கரும்பலகையில், அன்று காணப்பட்ட விலங்குகள் என்ற தலைப்பின்கீழ் மான் என்று மட்டும் எழுதியிருந்தது. கரடி எங்கே இருக்கிறது என்று வக்கீல் சீட்டுக் கொடுப்பவரைக் கேட்டாள். உள்ளே இருக்கிறது, ஆனால் யாரும் பார்த்ததில்லை என்றார் அவர். யாரும் பார்க்காதபோது இருக்கிறதென்று எப்படித் தெரியும், இல்லாத கரடியை வாசலில் வரைவது சரியா என்று அவள் தொடர்ந்தாள். பின்னால் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள்; பிறகு செருமினார்கள். சீட்டுக் கொடுப்பவர் அவளுடைய அப்பாவைப் பார்த்தார். அவன் அவளுடைய அம்மாவைப் பார்த்தான். பை அவள் தோளில் இருந்தது. அவள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மரங்களுக்கிடையே சென்ற நடைபாதையில்தான் அந்த நாள் எவ்வளவு நீளமானது என்பது அவளுக்குத் தெரியத் தொடங்கியது. மகனுக்குத் தொப்பியை அவள் கட்டினாள். அப்படிக் கட்டினால் கழுத்து அரிக்கும் என்று அவன் அவிழ்த்து வேறு மாதிரி கட்டினான். அவள் வேண்டாம் என்று மறுத்த பிஸ்கட்டை, மறுத்தது தெரியாமல் அவன் எடுத்துக் கொடுத்தான். இருவரும் ஒரே நேரத்தில் மகளைக் கூப்பிட்டார்கள்: அவள் ஓடாதே என்றாள், அவன் சீக்கிரம் வா என்றான். வக்கீல் நடுப்பாதையில் நின்று, இரண்டில் எதைச் செய்வது என்று முறைப்படி கேட்டாள். மகனுக்கு அவன் தண்ணீர் கொடுத்திருப்பான் என்று அவள் நினைத்தாள், அவள் கொடுத்திருப்பாள் என்று அவன் நினைத்தான். ஆனால் யாரும் கொடுத்திருக்கவில்லை.

சில செய்திகள் புதியவை. மகன் அழத் தொடங்கும்போது அவன் தன் உள்ளங்கையால் அந்தப் பிஞ்சுப் பாதங்களை அழுத்தினான். அழுகை உடனே நின்றது. இது அவளுக்குத் தெரியாது. இத்தனை நாளும் பாட்டுப் பாடித் தொண்டை வறண்டவள் அவள்.

“எப்பலேருந்து இப்படிச் செய்யறீங்க?”

“பொறந்ததுலேருந்து. நீ எப்படி நிறுத்துவே?”

பாதத்தை அழுத்துவது பற்றி வாசலில் யாரும் சொல்வதில்லை. வாசலில் அவசரமானவற்றைத்தான் சொல்வார்கள்.

மான்கள் தென்பட்டன. ஒரு பள்ளத்தில் ஏழெட்டு நின்று, மனிதர்களை அலுப்போடு நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் மேய்ந்தன. ஜமீன்தார் அவற்றைவிடப் பாதையோரத்துக் குப்பைத்தொட்டியில் அதிக ஆர்வம் காட்டினான். அதன் மூடி மிதித்தால் திறந்தது. புத்தகத்தில் இருப்பதைப் போலவே இருக்கிறது என்றாள் வக்கீல். அது பாராட்டா புகாரா என்று தெரியவில்லை. அவன் ஒரு மரத்தில் சாய்ந்து கொட்டாவி விட்டான். தாடை பிரிந்துவிடும்போல் இருந்தது. அவளுக்கும் வந்தது, அடக்கிக்கொண்டாள். அவர்களைக் கடந்து சென்ற ஒரு பெரிய குடும்பம், பாத்திரங்களையும் பாய்களையும் தூக்கிக்கொண்டு, யாரையும் யாரும் அதட்டாமல் நடந்து போனது. அதை அவள் சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாதை ஏரிக்கரையில் முடிந்தது. கூரை போட்ட ஒரு திறந்த மண்டபமும் சில நீண்ட பெஞ்சுகளும் இருந்தன. கரையிலிருந்து தண்ணீருக்கு மேல் ஒரு மரப்பாலம் கொஞ்சதூரம் போய், எங்கும் சேராமல் நின்றது. தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் அவித்த முட்டைகளையும் வாழைப்பழங்களையும் சாப்பிட்டார்கள். ஜமீன்தாரின் ஷூவில் மணல் புகுந்திருந்தது. அவள் இரண்டையும் கழற்றித் தட்டி, பெஞ்சுக்கடியில் வைத்தாள். சாப்பிட்டு முடித்தும் பையைத் தோளிலிருந்து இறக்க அவளுக்குத் தோன்றவில்லை. வலது கையால் இடது தோளைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அவன் அதைப் பார்த்தான். எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல், பையின் வாரை அவள் தோளிலிருந்து மெல்லக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு தன் பெஞ்சுக்குப் போனான்.

வார் நீங்கியவுடன் அவளுடைய உடம்பு முழுவதும் தளர்ந்தது. அவள் யோசித்து அப்படிச் செய்யவில்லை. தினமும் காலையில் படியிறங்கும்போது நிகழ்வதுதான் இப்போதும் நிகழ்ந்தது: தோள் லேசாகியது, காதுகள் அடைத்துக்கொண்டன, கண்கள் தேடுவதை நிறுத்தின. அவள் திரும்பி ஏரியைப் பார்த்து உட்கார்ந்தாள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. வெள்ளைப் பறவை ஒன்று ஒற்றைக்காலில் நின்றது. அது காலை மாற்றிக்கொள்ளுமா என்று பார்க்கத் தொடங்கினாள். வேறெதையும் பார்க்க வேண்டியிராத அந்த நிலை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. பறவை காலை மாற்றவில்லை.

திரும்பியபோது கணவன் பெஞ்சில் நீட்டிப் படுத்திருந்தான். பை அவன் தலைக்கு அடியில் இருந்தது. வாய் திறந்திருந்தது. எதிர்ப்பெஞ்சில் மகள் வாழைப்பழத்தின் நாரை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். மகனைக் காணவில்லை.

“தம்பி எங்க?”

“அவன் அப்பவே போயிட்டான்.”

“எங்க போனான்?”

“அங்க.” அவள் சுட்டிய திசையில் மரங்களும் இருந்தன, நடைபாதையும் இருந்தது, மரப்பாலமும் இருந்தது. “அப்பாகிட்ட சொன்னேனே. தம்பி போறான்னு சொன்னேன். அப்பா ம்-னு சொன்னாரு.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“பை அப்பாகிட்டதானே இருந்துச்சு.”

குரலில் குற்றவுணர்வு சிறிதும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவளுக்குக் கற்பித்ததை அவள் செய்திருந்தாள்.

அவள் கணவனை எழுப்பவில்லை, எழுப்ப நேரமில்லை. நேரே மரப்பாலத்துக்கு ஓடினாள். அதன் இருபுறமும் குனிந்து பார்த்தாள். தண்ணீரில் வானம் தெரிந்தது, அவள் முகம் தெரிந்தது, அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. பாலத்தின் முனையில் நின்று மகனைக் கூப்பிட்டாள். அவனுடைய உண்மையான பெயரை அவள் கடைசியாக எப்போது உச்சரித்தாள் என்பது நினைவில்லை. அது வேறு யாருடைய குழந்தையின் பெயரோ போல் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

அந்தக் குரலில்தான் கணவன் விழித்தான். எழுந்து நின்றவன் முதலில் பார்த்தது அவளைத்தான், அவள் இடுப்பில் மகன் இல்லாததைத்தான். ஓடிவந்து, அவளிடம்தானே இருந்தான் என்று கேட்டான். அவன்தானே பையை வாங்கினான் என்று அவள் கேட்டாள். இருவரும் வெவ்வேறு திசைகளில் ஓடினார்கள். பிறகு மகள் தனியாக இருப்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்து, இருவரும் அவளிடமே திரும்பி ஓடிவந்தார்கள்.

மண்டபத்துக்கு அப்பால், காக்கிச் சட்டையும் வாக்கி டாக்கியுமாக வனக்காவலர் ஒருவர் நின்றிருந்தார். காலையிலிருந்து நின்று களைத்த மனிதர். பிள்ளையைக் காணோம் என்று ஓடிவந்தவர்களிடம் பதறாமல் கேட்டார், அந்தப் பதறாமைக்காகவே அவரை அடித்துவிடலாம்போல் அவளுக்கு இருந்தது.

“என்ன கலர் சட்டை?”

“மஞ்சள்,” என்றாள் அவள்.

“நீலம். கோடு போட்டது,” என்றான் அவன். வாந்தி எடுத்த பிறகு மாற்றியது என்று அவளிடம் சொன்னான். காலையில் தன் கையால் போட்டுவிட்ட சட்டையே அவள் கண்ணில் நின்றது. அதன்பின் பாதி நாள் நீலச் சட்டைக்காரனின் பக்கத்திலேயே நடந்திருந்தும்.

“கால்ல என்ன?”

“ஷூ,” என்றான் அவன்.

“இல்லைங்க. ஷூவை நான் கழட்டிட்டேன். வெறுங்கால்.”

வாக்கி டாக்கியை வாயருகே வைத்த வனக்காவலர் அதைச் சற்று இறக்கினார்.

“ரெண்டு பேரும் ஒரே பிள்ளையைத்தானே தேடறீங்க?”

கேலியாகக் கேட்கவில்லை. தம் வேலைக்குத் தேவையான தகவலாகத்தான் கேட்டார். ஒரே பிள்ளைதான் என்று இருவரும் சொன்னார்கள். பிறகு அங்கேயே நின்று, அவன் பாதியும் அவள் பாதியுமாக, தங்கள் மகனைச் சொல்லி முடித்தார்கள். இடது முட்டியில் பழைய காயம் என்றான் அவன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான், ஜமீன்தார் என்று கூப்பிட வேண்டும் என்றாள் அவள். வனக்காவலர் அதையும் அப்படியே வாக்கி டாக்கியில் சொன்னார். நீலக்கோட்டுச் சட்டை, வெறுங்கால், ஜமீன்தார் என்ற சொற்கள் கரகரத்த ஒலியில் காடு முழுவதும் போயின.

பதில் வரும்வரை மூவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவளால் ஏரியைப் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கணவனின் கை அவள் முழங்கையைப் பிடித்திருந்தது. பிடித்திருப்பது அவனுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. வக்கீல் முதன்முறையாக ஒன்றும் கேட்காமல் இருந்தாள்.

வாக்கி டாக்கி இருமியது. சாப்பாட்டுத் திடலில் ஒரு ஜமீன்தார் இருப்பதாக யாரோ சொன்னார்கள்.

திடல் அருகில்தான் இருந்தது. வழியில் அவர்களைக் கடந்து சென்ற அந்தப் பெரிய குடும்பம் அங்கே பாய்களை விரித்திருந்தது. நடுப்பாயில், முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் மடியில், அவர்கள் மகன் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு துண்டு தர்ப்பூசணி; சட்டையில் இன்னொரு துண்டு. பெற்றோரைப் பார்த்ததும் அவன் முகத்தில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை.

அந்த அம்மாள் பருத்த உடம்பும் உரத்த குரலும் உடையவள். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“யாரு வீட்டுப் பிள்ளைன்னு யாருமே கேக்கலைம்மா. வந்து கையைத் தூக்கிட்டு நின்னான், தூக்கி வச்சுக்கிட்டேன். நான் என் மருமக தங்கச்சி பிள்ளைன்னு நெனச்சேன். அவ என் நாத்தனார் பேரன்னு நெனச்சிருக்கா. நாத்தனார் என்ன நெனச்சாங்கறது அவளுக்கே தெரியாது.”

“நல்லா சாப்பிட்டான்,” என்றாள் நாத்தனாராக இருக்கக்கூடிய ஒருத்தி.

“எங்க வீட்டுல பிள்ளைங்களை எண்ணறதே கிடையாது. வீட்டுக்குப் போனப்புறம் எந்த அம்மா அழறாளோ, அவ பிள்ளைதான் குறையுதுன்னு தெரிஞ்சுக்குவோம்.”

பாய் முழுவதும் சிரித்தது. அவளும் சிரிக்க முயன்றாள், உதடு கோணியது. உடனே அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, உட்காரும்மா, ஒரு வாய் தண்ணி குடி என்றாள். அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் பாதி அவள் சேலையில் சிந்தியது. கணவன் மகனைத் தூக்கியபோது அவன் வர மறுத்து அலறினான். அலறல் முடியும்வரை தந்தை அவனைத் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பாதத்தை அழுத்தவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டான்போலும்.

திரும்பி நடக்கையில் கரடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கார் நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். கதவைத் திறப்பதற்குமுன் அவன் நின்றான்.

“நீ தோளைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தே. கனமா இருக்குமேன்னுதான் வாங்கினேன். வேற ஒண்ணும் நெனைக்கலை.”

“தெரியும். இப்போ தெரியும். அப்போ தெரியலை.” அவள் மகளை உள்ளே ஏற்றினாள். “நீங்க பையை வாங்கினா என்ன அர்த்தம்னு என் உடம்புக்குப் பழகிடுச்சு. கனமா இருக்குன்னு வாங்குவீங்கன்னு அதுக்குத் தெரியாது.”

அதில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவனை அதிகம் தைத்தது.

மலைச்சாலையில் இறங்கும்போது குழந்தைகள் இருவரும் தூங்கிப்போனார்கள். மாலை வெயில் கண்ணாடியில் நேராக அடித்தது. வளைவுகள் முடிந்து சாலை நேரானபின் அவன் பேசினான். முன்பே எழுதி வைத்ததைப் படிப்பவனைப்போல் பேசினான். சூப்பர்வைசருக்கு இன்று பதில் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்ததில் இரவு வேலையே இருக்கட்டும் என்று தோன்றுகிறது. அவள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

“தனித்தனியா பார்த்துக்கிட்டப்போ ஒரு நாளாவது தொலைச்சிருக்கோமா? சேர்ந்து வந்தோம், அரை நாள்ல தொலைச்சுட்டோம்.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையோரத்து மரங்களின் தண்டில் வெள்ளைப்பட்டை அடித்திருந்தார்கள். அவை வந்துகொண்டே இருந்தன. பதில் சொல்லவே சோம்பலாக இருந்தது. அவன் சொன்னது சரியும்கூட. இந்த நாளை அவள்தான் தேர்வாக வைத்தாள், இருவரும் தோற்றிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு வீடுபோய்ச் சேர்ந்தால், நாளைக் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கலாம். எல்லாம் பழையபடி ஒழுங்காக நடக்கும்.

“தனியா பார்க்கறப்போ நான் ஒரு நாளும் கண்ணை எடுத்ததில்லை,” என்றாள். “தூங்கறப்பவும் எடுத்ததில்லை. இன்னைக்கு எடுத்தேன். நீங்க இருக்கீங்கன்னு எடுத்தேன்.”

“அதான் சொல்றேன். அது தப்பாப் போச்சே.”

“தப்பாத்தான் போச்சு. ஆனா எனக்கு அது வேணும்.”

அவன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான்.

“அந்தப் பறவையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேனே, அது வேணும். வேலைக்குப் போறப்போ படியில கிடைக்கறது போதலை. நீங்க பக்கத்துல இருக்கறப்போ கிடைக்கணும். இன்னும் ரெண்டு மூணு தடவை தொலைப்போமா இருக்கும். தேடிக்கலாம்.”

கார் சற்றே சாலையோரத்துக்கு ஒதுங்கி, பிறகு உதறிக்கொண்டு நடுவுக்கு வந்தது. அவன் கண்களை அகல விரித்து, தலையைச் சிலுப்பினான். அவள் நிறுத்தச் சொன்னாள். வாதாடாமல் நிறுத்தினான். இருவரும் இறங்கிக் காரைச் சுற்றிவந்து இடம் மாறிக்கொண்டார்கள். கிளட்ச் கடினமாக இருக்கும், முழுவதும் மிதிக்க வேண்டும் என்றான். அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு முழுவதும் மிதித்தாள். கார் ஒரு முறை குதித்துவிட்டுக் கிளம்பியது. பின்னிருக்கையில் யாரும் விழிக்கவில்லை.

சிறிது தூரம் போனபின் அவன் கைப்பேசியை எடுத்தான். சூப்பர்வைசரும் இரவு வேலைக்காரர்; தூக்கத்திலிருந்து எழுந்த குரலில் யாரென்று கேட்டார். அவர் பேசுவது அவளுக்கும் கேட்டது. பகல் இடத்துக்கு வருவதாக அவன் சொன்னான்.

“நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா?”

“இல்ல சார். யோசிச்சா மறுபடியும் ராத்திரிக்கே வந்துடுவேன்.”

பொட்டலப் பிரிவில் இரைச்சல் அதிகம், ஆட்களும் அதிகம், அவனுக்கு ஒத்துவருமா என்று சூப்பர்வைசர் கேட்டார். பழகிக்கொள்வதாக அவன் சொன்னான். கைப்பேசியை மடியில் வைத்துவிட்டுத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தான். வேறு ஏதாவது சொல்வான் என்று அவள் சற்றுநேரம் காத்திருந்தாள். அவன் தூங்கியிருந்தான். வாய் ஏரிக்கரையில் திறந்திருந்ததைப் போலவே திறந்திருந்தது.

“அப்பா இனிமே ராத்திரி வீட்டுல இருப்பாரா?”

வக்கீல் எப்போது விழித்தாள் என்று தெரியவில்லை. கண்ணாடியில் அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

“இருப்பாரு.”

“நீயும் இருப்பியா?”

“நானும் இருப்பேன்.”

எதிரில் வந்த லாரி ஒன்று விளக்கைப் போட்டு அணைத்துவிட்டுக் கடந்தது.

“அப்போ ஏதாவது ஒண்ணுன்னா நான் யாருகிட்ட சொல்றது?”

“ரெண்டு பேருகிட்டயும் சொல்லு.”

“ரெண்டு தடவையா?”

“ரெண்டு தடவை.”

“அது கஷ்டம்மா.”

“கஷ்டந்தான்,” என்றாள் அவள். கியரை மாற்றினாள். இன்னும் வெகுதூரம் போகவேண்டியிருந்தது.